எந்த அமைச்சருக்கு மனு எழுதுவது?

வாசகர் கடிதம்:

வணக்கம் ஐயா. நான் மலேசியாவில், கோலாலம்பூர் செந்தூலில் குடியிருக்கிறேன். கணவர் காலமாகிவிட்டார். பள்ளிக் கேண்டீனில் வேலை செய்கிறேன். போன மாதம் ஓர் இரவு, சாப்பாட்டுக் கடையில் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்த என் 19 வயது மகனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மோட்டார் சைக்கிள் திருட்டு என்றார்கள். மறுநாள் மத்தியானம்தான் எனக்குத் தெரியும், அதுவும் அவன் கூட்டாளி வந்து சொல்லி. முதலில் நான்கு நாள் ரிமாண்ட் (விசாரணைக் காவல்), அப்புறம் மூன்று நாள். குற்றம் சாட்டாமல் போலீஸ் ஜாமீனில் விட்டார்கள். லொக்காப்பில் இரண்டு முறை அறைந்தார்கள் என்கிறான். வலது காது இன்னும் இரைகிறதாம்.

இது போதாதென்று, புதுக்கோட்டையிலிருந்து வந்து ஆறு வருடமாக இங்கே உணவகத்தில் வேலை பார்த்த என் மாமா மகனைக் குடிநுழைவுத் துறை சோதனையில் பிடித்து புக்கிட் ஜாலில் டிப்போவில், அதாவது தடுப்பு முகாமில், வைத்திருக்கிறார்கள். பெர்மிட்டை முதலாளி புதுப்பிக்கவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்களா என்றுகூடத் தெரியவில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார், அங்கே போலீஸ், சட்டம், குடிநுழைவு எல்லாவற்றுக்கும் ஒரே அமைச்சர்தான், அவருக்கு எழுதினால் போதும் என்கிறார். இங்கே நீதி அமைச்சர் யார்? அவருக்கு எப்படி மனு எழுதுவது? எங்கள் பக்கத்தில் ஒருவர், அமைச்சர் அலுவலகத்தில் ஆள் இருக்கிறது, இரண்டாயிரம் வெள்ளி கொடுத்தால் இரண்டையும் முடித்துத் தருகிறேன் என்கிறார். என் மகனின் பேர் இதனால் கெட்டுவிடுமா, நாளைக்கு வேலை கிடைக்குமா என்று இரவெல்லாம் தூக்கமில்லை.

வழக்கறிஞரின் பதில்:

சகோதரி, அமைச்சர் இருக்கட்டும். முதலில் பையனின் காதைக் கவனியுங்கள். இன்றைக்கே கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். ஓங்கி அறைந்தால் செவிப்பறை கிழியும். சின்னக் கிழிசல் என்றால் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். மூடிக்கொள்வது அவனுக்கு நல்லதுதான். ஆனால் அதன் பிறகு டாக்டர் பார்த்து எழுத எதுவும் மிஞ்சாது. ஏற்கெனவே நாளாகிவிட்டது, இன்னும் தள்ளிப்போடாதீர்கள். டாக்டரிடம் வெறுமனே "காது வலிக்குது" என்று சொல்லிவிட்டு மருந்து வாங்கிக்கொண்டு வரவேண்டாம். எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் கையால், எத்தனை முறை அடி விழுந்தது என்று பையனே தன் வாயால் சொல்லட்டும். அவர் அதைக் குறிப்பில் எழுதுவார். பின்னால் நீங்கள் எந்த ஆணையத்தின் படியேறினாலும், எந்தக் கோர்ட்டில் நின்றாலும், முதலில் கேட்கப்போவது அந்தக் குறிப்பைத்தான்.

அடுத்தது அந்த இரண்டாயிரம் வெள்ளி. ஒரு காசு கொடுக்காதீர்கள். அரசாங்க அலுவலகத்தில் காரியம் முடிக்கப் பணம் கொடுத்தால், 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி வாங்கியவரோடு கொடுத்தவரும் மாட்டுவார். பிள்ளைக்காகத்தான் கொடுத்தேன் என்று சொன்னால் விட்டுவிட மாட்டார்கள். இன்னொன்றையும் சொல்கிறேன். ரிமாண்ட் நாள் முடிந்ததும் வெளியே வருகிறவர்கள் ஏராளம். டிப்போவில் இருப்பவர்களும் பயணப் பத்திரமும் டிக்கெட்டும் சேர்ந்ததும் ஊருக்கு அனுப்பப்படுகிறார்கள். எப்படியும் நடக்கப்போகிற ஒன்றுக்கு முன்கூட்டியே காசு வாங்கிக்கொண்டு, நடந்தபின் "நான்தான் முடித்தேன்" என்று சொல்வது இந்தத் தரகர்களின் பிழைப்பு. நம் சமூகத்தில் கையில் இல்லாதவர்கள்தான் இவர்களிடம் அதிகம் ஏமாறுகிறார்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்த தாய்மார்கள் அதன்பிறகு என் அலுவலகத்துக்கு வரும்போது, நேர்மையான வக்கீலுக்குக் கொடுக்கக்கூட அவர்களிடம் பணம் இருப்பதில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் நாத்தனார் சொல்வதில் பாதி சரி. சிங்கப்பூரில் கா. சண்முகம் அவர்கள் 2015 முதல் 2025 மே மாதம் வரை சட்ட அமைச்சு, உள்துறை அமைச்சு இரண்டையும் சேர்த்தே வைத்திருந்தார். இப்போது அங்கும் சட்டத்துக்கு வேறு அமைச்சர். நம் நாட்டில் பொறுப்பு மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. போலீஸ், குடிநுழைவுத் துறை, தேசியப் பதிவுத் துறை, சிறைச்சாலை எல்லாம் உள்துறை அமைச்சின் கீழ். 2022 டிசம்பரில் அந்தப் பொறுப்பை ஏற்றவர் டத்தோஸ்ரீ சைபுடின் நசுத்தியோன் இஸ்மாயில். சட்டத் திருத்தம், அரசின் சட்ட உதவி போன்றவை பிரதமர் துறையில் சட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சரிடம் இருக்கின்றன. அதே மாதம் அந்த இடத்துக்கு வந்தவர் டத்தோஸ்ரீ அசாலினா ஒத்மான் சைட். ஒருவரைக் குற்றம் சாட்டுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது இந்த இரண்டு அமைச்சர்களும் அல்ல. அரசியலமைப்பின் 145-ஆவது பிரிவு அந்த அதிகாரத்தைச் சட்டத்துறைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறது. அவர்தான் அரசுத் தரப்பின் தலைமை வழக்குரைஞரும். இந்த இரண்டு பதவியையும் பிரிக்க வேண்டும் என்று நெடுநாளாகப் பேசப்படுகிறது. பிரிக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து, ஆனால் அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஆக, "என் மகனை விட்டுவிடுங்கள்" என்று நீங்கள் எழுதினால் அதைச் செய்யும் அதிகாரம் எந்த அமைச்சருக்கும் இல்லை. இருக்கவும் கூடாது. இன்றைக்கு உங்கள் பிள்ளையை ஓர் அமைச்சரின் போன் வெளியே கொண்டுவரும் என்றால், நாளைக்கு வேறொருவரின் போன் அவனை உள்ளே தள்ளும். அமைச்சரிடம் நாம் கேட்க வேண்டியது தயவு அல்ல, பதில். "ஏன் இப்படி நடந்தது, உங்கள் துறை என்ன செய்தது" என்று கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. அமைச்சரவை நாடாளுமன்றத்துக்குக் கூட்டாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்று அரசியலமைப்பின் 43-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பதிலை வரவழைக்க உங்கள் கையில் தேதியும் காகிதமும் இருக்க வேண்டும். இனி நான் எழுதப்போவது பெரும்பாலும் அந்தக் காகிதங்களைப் பற்றித்தான்.

மகன் விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது? கைது செய்தவுடன் காரணத்தைச் சொல்ல வேண்டும், தனக்கு வேண்டிய வக்கீலோடு பேச விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இதெல்லாம் அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவில் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு இன்னும் விளக்கமாகச் சொல்கிறது. விசாரணை தொடங்குவதற்கு முன்பே, "உன் வீட்டாருக்கோ நண்பருக்கோ போன் செய்து எங்கே இருக்கிறாய் என்று சொல்லலாம், வக்கீலோடு பேசலாம்" என்று அதிகாரி அவனிடம் தெரிவிக்க வேண்டும். அதற்கு வழி செய்து கொடுக்கவும் வேண்டும். விதிவிலக்கு உண்டு. கூட்டாளிகள் தப்பிவிடுவார்கள், சாட்சி அழிந்துவிடும் என்பது போன்ற காரணம் இருந்தால், துணை சூப்பரிண்டெண்டெண்ட் பதவிக்குக் குறையாத அதிகாரி எழுத்தில் காரணம் காட்டி மறுக்கலாம். வாய்மொழியாக மறுக்க முடியாது. ஆகவே பையனிடம் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேளுங்கள்: போன் செய்யலாம் என்று யாராவது சொன்னார்களா? அவன் கேட்டானா? கேட்டபோது என்ன பதில் வந்தது? நீங்கள் மறுநாள் மத்தியானம் கூட்டாளி சொல்லித் தெரிந்துகொண்டது வெறும் மனக்குறை இல்லை. சட்டம் மீறப்பட்டிருக்கலாம் என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

ரிமாண்ட் நாள்கணக்கில் தவறு தெரியவில்லை. மோட்டார் சைக்கிள் திருட்டு தண்டனைச் சட்டம் 379ஏ பிரிவின் கீழ் வரும், ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை. 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால் முதல் முறை அதிகபட்சம் நான்கு நாள், இரண்டாம் முறை மூன்று நாள். அவ்வளவுதான் அனுமதி. 14 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் ஏழும் ஏழும்.

இந்த ரிமாண்ட் மனு விசாரணை எப்படி நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். கோலாலம்பூரில் பிடிபடுகிறவர்களில் பலர் ஜிஞ்சாங் லொக்காப்பில் இருப்பார்கள். ஊதா நிற லொக்காப் சட்டையோடு, கையில் விலங்கோடு வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள். ஒவ்வொருவரும் மாஜிஸ்திரேட் முன் நிற்பது சில நிமிடங்கள்தான். விசாரணை அதிகாரி தன் விசாரணை டைரியின் நகலை மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்து, இன்னும் ஏன் நாள் வேண்டும் என்று சொல்வார். அந்த நேரத்தில் பையனோ அவன் வக்கீலோ பேசலாம், மாஜிஸ்திரேட் அதைக் கேட்டே ஆக வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவு சொல்கிறது. "அடித்தார்கள், காது கேட்கவில்லை" என்று அங்கே ஒரு வார்த்தை சொன்னால், மாஜிஸ்திரேட் குறித்துக்கொண்டு மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிட முடியும். ஆனால் தூக்கமில்லாத 19 வயதுப் பையன், அடித்த ஆட்கள் பக்கத்தில் நிற்கையில், மலாய்மொழியில் தலை நிமிர்ந்து சொல்வானா? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்லமாட்டார்கள். அதனால்தான் அந்தச் சில நிமிடங்களில் ஒரு வக்கீல் உடன் இருப்பது முக்கியம். வக்கீல் வைக்க வசதியில்லை என்று யாரும் தயங்க வேண்டாம். 2011-இல் அமைக்கப்பட்ட தேசியச் சட்ட உதவி அறநிறுவனம், ஒய்பிஜிகே என்று சொல்வார்கள், மலேசியக் குடிமக்களுக்குக் கைது, ரிமாண்ட் கட்டத்தில் வருமானத்தைப் பார்க்காமல் இலவசமாக வக்கீல் அனுப்புகிறது. பையன் விஷயத்தில் அந்தக் கட்டம் முடிந்துவிட்டது. இதைப் படிக்கும் மற்றத் தாய்மார்கள் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் சிறார் சட்டம் 2001 வேறு பாதுகாப்புகளையும் தருகிறது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒரு போலீஸ் ரிப்போர்ட். அடித்ததாகச் சொல்லும் அதே நிலையத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை, எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். கவுண்டரில் இருக்கும் போலீஸ்காரர் நீங்கள் சொல்வதைக் கேட்டு மலாயில் தட்டச்சு செய்வார். அச்செடுத்துக் கையெழுத்துக்கு நீட்டும்போது அவசரப்படாதீர்கள். பையன் "அறைந்தார்கள்" என்று சொன்னதை "பிடித்துத் தள்ளினார்கள்" என்று எழுதியிருந்தால், தேதி மாறியிருந்தால், திருத்தச் சொல்லுங்கள். திருத்தாமல் கையெழுத்து வேண்டாம். மலாய் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். ரிப்போர்ட் எண் உள்ள நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள். நான்கு வாரம் ஆனதும், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு உங்களுக்குக் கொடுத்திருக்கும் உரிமை அது. இரண்டு வாரத்துக்குள் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் அரசு வழக்குரைஞர் அலுவலகத்துக்கு அதை எழுதலாம், அவர் போலீஸைப் பதில் சொல்லச் சொல்வார். இந்தப் பிரிவு இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. ரிப்போர்ட் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்துக்கிடக்கிறார்கள்.

அந்த ரிப்போர்ட் நகல், டாக்டர் குறிப்பு, பையன் சொன்னதை அவன் கையாலேயே எழுதிய ஒரு பக்கம், இவற்றை வைத்து மூன்று இடத்துக்கு அனுப்புங்கள். ஒன்று, புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்தில் உள்ள போலீஸின் நேர்மை மற்றும் தர இணக்கத் துறை, ஜிப்ஸ் என்று அழைப்பார்கள். இரண்டு, போலீஸ் நடத்தை மீதான சுயேச்சை ஆணையம், ஐபிசிசி. மூன்று, மனித உரிமை ஆணையமான சுஹாகாம்.

ஐபிசிசி பற்றி மனம் திறந்து சொல்லிவிடுகிறேன், பெரிதாக எதிர்பார்த்து நீங்கள் ஏமாறக் கூடாது. முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் சைடின் அப்துல்லா தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. அதில் முக்கியமானது, போலீஸ் மீதான புகாரை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரத்தோடு ஒரு சுயேச்சை ஆணையம் வேண்டும் என்பது. அது வரவில்லை. பல துறைகளுக்கும் பொதுவான ஓர் ஆணையம் 2011-இல் இயங்கத் தொடங்கியது. அதற்குப் பதிலாக 2023 ஜூலை 1 முதல் ஐபிசிசி நடைமுறையில் இருக்கிறது. இது விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம். தண்டிக்க முடியாது. ஒழுங்கு நடவடிக்கை என்று வந்தால் கோப்பு போலீஸ் படை ஆணையத்துக்குப் போகும். அந்த ஆணையத்தின் தலைவர் யார் தெரியுமா? அரசியலமைப்பின் 140-ஆவது பிரிவுப்படி, போலீஸுக்குப் பொறுப்பான அமைச்சர். அதாவது உள்துறை அமைச்சர். "அது போலீஸின் உள்விவகாரம்" என்று அவர் ஒதுங்க முடியாததற்கு இதுவே காரணம். லொக்காப்பில் அடித்த ஒருவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டதா இல்லையா என்பதற்கு அவர் தனிப்பட்ட முறையிலும் பதில் சொல்ல வேண்டியவர்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2009-இல் குகன், 2013-இல் தர்மேந்திரன், 2021-இல் கணபதி என்று போலீஸ் காவலிலோ, காவலில் இருந்து மருத்துவமனைக்குப் போய் அங்கேயோ உயிரிழந்த நம் பிள்ளைகளின் பேர்கள் இந்த நாட்டில் யாருக்கும் மறந்திருக்காது. ஒவ்வொரு முறையும் குடும்பம் கதறியது, ஊர் கொதித்தது, அமைச்சர் அறிக்கை விட்டார். அறைதானே, உயிரோடு வந்துவிட்டானே என்று நாம் விட்டுவிடும் புகார்கள்தான் பின்னால் பெரிதாகின்றன. அந்த அறைக்கும் பதிவு வேண்டும். நட்டஈடு கேட்டு வழக்குப் போட நினைத்தால் சம்பவம் நடந்த நாளிலிருந்து 36 மாதத்துக்குள் போட வேண்டும். அதைத் தாண்டினால் அரசாங்கத்தின் மீதும் அதன் அதிகாரிகள் மீதும் வழக்கு நிற்காது.

அமைச்சரிடம் கேட்கும் இடம் நாடாளுமன்றம். அதற்கு வழி உங்கள் தொகுதி எம்பி. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் என்பதால் நமக்குச் சட்டமன்ற உறுப்பினர் கிடையாது, எம்பி மட்டும்தான். அவருடைய சேவை மையத்துக்குப் போகும்போது "ஒய்பி (எம்பியை இங்கே மரியாதையாக இப்படித்தான் அழைப்போம்), ஒரு போன் போட்டுச் சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். பாவம் என்று அவரும் ஒரு போன் போடுவார், அந்தப் பக்கம் "பார்க்கிறோம் ஒய்பி" என்பார்கள், அதோடு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு கேள்வியை எழுதிக் கையில் கொடுங்கள். உதாரணத்துக்கு: "கடந்த மூன்று ஆண்டுகளில் கோலாலம்பூரில் ரிமாண்டில் இருந்தவர்கள் கொடுத்த அடி உதைப் புகார்கள் எத்தனை, அவற்றில் எத்தனையில் ஒழுங்கு நடவடிக்கை முடிந்தது, 28ஏ பிரிவின் கீழ் குடும்பத்தோடு பேச மறுக்கப்பட்ட வழக்குகள் எத்தனை, அவற்றுக்கு எழுத்துமூலம் காரணம் பதியப்பட்டதா?" இது உங்கள் மகனின் பேர் இல்லாமலே உங்கள் மகனுக்கு நடந்ததைக் கேட்கிறது. உள்துறை அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதில் நாடாளுமன்றப் பதிவேடான ஹன்சார்டில் ஏறும். பையன் மீது குற்றம் சாட்டி வழக்கு கோர்ட்டுக்குப் போய்விட்டால் அந்த வழக்கைப் பற்றி அவையில் பேச விடமாட்டார்கள். அதனால் இப்போதே கொடுங்கள்.

இனி உங்கள் மாமா மகன். இங்கே கதை வேறு. வெளிநாட்டவரைக் குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் பிடித்தால் அந்த 24 மணி நேரக் கணக்குப் பொருந்தாது. 14 நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினால் போதும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. மூன்று வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள், அப்படியானால் ஏற்கெனவே கொண்டுபோயிருக்க வேண்டும். டிப்போவுக்குப் போய் அவருடைய பேர், பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து மூன்று விஷயத்தைக் கேளுங்கள்: எந்தத் தேதியில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினீர்கள், குற்றம் சாட்டப்பட்டதா, அல்லது ஊருக்கு அனுப்பக் காத்திருக்கிறாரா. நிறுத்தவே இல்லை என்றால் உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள். வழக்கறிஞர் மன்றத்தின் கோலாலம்பூர் சட்ட உதவி மையம் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் உதவுகிறது.

ஆனால் அதற்கு முன் ஒரு விஷயம். அவர் பெர்மிட் முடிந்த பிறகு உங்கள் வீட்டில் தங்கியிருந்தாரா? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. தங்கியிருந்தால், யாரிடமும் எதையும் எழுதிக் கொடுப்பதற்கு முன் வக்கீலிடம் பேசுங்கள். பெர்மிட் இல்லாதவருக்கு அடைக்கலம் கொடுத்தால் ஒருவருக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், கூடவே ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை என்று குடிநுழைவுச் சட்டத்தின் 56-ஆவது பிரிவில் இருக்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை. உறவுக்காரருக்கு உதவப்போய் நீங்கள் மாட்டிக்கொண்டால் பையனுக்கு யார் இருக்கிறார்கள்?

அவர் பெர்மிட்டோடு வந்து, பிறகு காலம் முடிந்து தங்கியவர் என்றால் அதே சட்டத்தின் 15-ஆவது பிரிவு. 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சட்டப் புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது. நடைமுறையில் கொம்பவுன், அதாவது கோர்ட்டுக்குப் போகாமல் தீர்க்கும் அபராதம், கட்டவைத்து ஊருக்கு அனுப்புவதும் உண்டு. பெர்மிட்டைப் புதுப்பிக்காதது முதலாளியின் தவறு என்று காட்ட முடிந்தால் அது பெரிய உதவி. 2018 தொடக்கத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளருக்கான லெவி என்ற அரசுக் கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும். சம்பளத்தில் பிடித்தாரா, "புதுப்பிக்கக் கொடுத்திருக்கேன், பொறு" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினாரா, அதெல்லாம் உங்கள் மாமா மகனின் போனில் இருக்கும். போன் டிப்போவில் வாங்கி வைத்திருந்தால், கூட வேலை பார்த்தவர்களிடம் அதே போன்ற செய்திகள் இருக்கலாம். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறதா? மற்றவரின் பாஸ்போர்ட்டைச் சட்ட அனுமதியின்றி வைத்திருப்பது பாஸ்போர்ட் சட்டம் 1966-இன்படி குற்றம், 10,000 வெள்ளி வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ கிடைக்கும். இதை மரியாதையாக எடுத்துச் சொன்னாலே பல முதலாளிகள் அன்று மாலையே பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடுவார்கள். சம்பளப் பாக்கி இருந்தால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். அது மனிதவள அமைச்சு, உள்துறை இல்லை.

இவர் விஷயத்தில் அமைச்சருக்கு எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது. குடிநுழைவுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, ஒருவரையோ ஒரு வகையினரையோ அச்சட்டத்தின் விதிகளிலிருந்து விலக்கும் அதிகாரத்தை உள்துறை அமைச்சரிடம் கொடுத்திருக்கிறது. மறுபக்கம், அமைச்சரோ தலைமை இயக்குநரோ எடுத்த முடிவை நடைமுறைப் பிழை இருந்தால் ஒழியக் கோர்ட் கேள்வி கேட்க முடியாது என்று 59ஏ பிரிவு கதவை அடைத்துவிட்டது. கோர்ட்டின் கை கட்டப்பட்ட இடத்தில் அமைச்சரின் கை நீளமாக இருக்கிறது. அதனால்தான் இந்தத் துறையில் அவரை நாம் இன்னும் கூர்மையாகக் கவனிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். தனி ஒருவருக்காக அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவார் என்று நம்பி உட்காராதீர்கள். ஆனால் மனுவைப் போடுங்கள். ஒரு பக்கம் போதும். அவர் எப்போது வந்தார், எந்த முதலாளியிடம் சட்டப்படி வேலை பார்த்தார், பெர்மிட் எப்போது, யாரால் விடுபட்டது, எந்தக் குற்றப் பின்னணியும் இல்லை, அவர் மீது வழக்குத் தொடராமல் விட்டால் சொந்தச் செலவில் ஊருக்குப் போகத் தயார். இதை மட்டும் எழுதி, குடிநுழைவுத் துறையின் தலைமை இயக்குநருக்கும் உள்துறை அமைச்சருக்கும் அனுப்புங்கள். இரண்டு அலுவலகமும் புத்ராஜெயாவில்தான். நகல் உங்கள் எம்பிக்கு.

பெரும்பாலும் டிப்போவில் நாள் இழுப்பது பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் இல்லாததால்தான். பாஸ்போர்ட் கிடைக்கவே இல்லை என்றால் மோண்ட் கியாராவில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அவசரப் பயணச் சான்று கேட்க வேண்டும். அதற்குப் புதுக்கோட்டையிலிருந்து அவருடைய ஆதார், பழைய பாஸ்போர்ட் நகல், ரேஷன் கார்டு என்று கையில் கிடைப்பதையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி இன்று இரவே அவர் வீட்டாரிடம் பேசுங்கள். ஊருக்கு அனுப்பப்பட்டால் சில காலம் மலேசியாவுக்குள் வரத் தடை இருக்கும். அதையும் அவர்களிடம் மறைக்க வேண்டாம்.

கடைசியாக, உங்களைத் தூங்கவிடாத அந்தக் கேள்வி. பையன் மீது குற்றம் சாட்டப்படவில்லை, எந்தக் கோர்ட்டும் அவனைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. வேலைக்கு மனுப் போடும்போது "நீ தண்டிக்கப்பட்டிருக்கிறாயா" என்று கேட்டால் "இல்லை" என்று அவன் தைரியமாக எழுதலாம், அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் போலீஸ் ஜாமீன் தாளில் போட்டிருக்கும் தேதியில் தவறாமல் நிலையத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அதுவே புதிய தலைவலி. திரும்ப வாக்குமூலம் எடுக்கக் கூப்பிட்டால் தனியாக அனுப்பாதீர்கள். தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு அவனுக்கு அனுமதி தருகிறது, ஆனால் எந்தக் கேள்வி அப்படிப்பட்டது என்று பக்கத்தில் ஒரு வக்கீல் இருந்தால்தான் அவனுக்குத் தெரியும். அடுத்த தேதி எப்போது என்று எழுதியிருந்தால் எனக்கு அனுப்புங்கள், அதற்கு முன் ரிப்போர்ட்டும் டாக்டர் குறிப்பும் கைக்கு வந்துவிட வேண்டும்.